லினக்ஸ் பூட் ஆகும்போது ஹார்ட் டிஸ்க் எரர்: எஃப்எஸ்சிகே ஓட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் எங்கள் காபித் தோட்டத்து ஆபீசில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. லினக்ஸ் மின்ட், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததிலிருந்து பூட் ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது. கருப்புத் திரையில் 'ஏடிஏ1' என்று தொடங்கும் வரிகளும், 'ஐ/ஓ எரர், எஸ்டிஏ, செக்டர்' என்று ஒரு நீள எண்ணும் ஓடுகின்றன. சில நாள் உள்ளே போகிறது, சில நாள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று காட்டி நின்றுவிடுகிறது. செக்ரோல் (தோட்டத்து ஆட்களின் வருகைப் பதிவு), சம்பளக் கணக்கு எல்லாம் அதில்தான். கடைக்காரர் டிஸ்க் போய்விட்டது, புதுசு போட்டு விண்டோஸ் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார். எஃப்எஸ்சிகே ஓட்டினால் சரியாகிவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். விண்டோஸ் ஏற்றுவது பற்றிப் பேச ஒன்றுமில்லை. கோளாறு டிஸ்க்கிலோ கேபிளிலோ இருந்தால் மேலே எந்த சிஸ்டம் ஓடினாலும் அதே கதைதான். எஃப்எஸ்சிகே விஷயம்தான் ஆபத்தானது, ஏனென்றால் அது நல்ல யோசனை போலவே தோன்றும். அந்தக் கட்டளை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கைத் திருத்தும், டிஸ்க்கைத் திருத்தாது. டிஸ்க் ஒழுங்காகப் படித்து எழுதுகிறது என்று நம்பித்தான் அது வேலை செய்யும். படிக்க முடியாத டிஸ்க்கில் ஓட்டினால், படிக்க வராத இடத்தை எல்லாம் கெட்டுப்போனதாக எடுத்துக்கொண்டு அங்கிருந்த ஃபைல்களின் தொடர்பை அறுத்துவிடும். கிழிந்துகொண்டிருக்கும் கணக்கு நோட்டில் அடித்துத் திருத்தி எழுதுவது மாதிரி. கேபிள் மட்டும் கெட்டிருந்தால் இன்னும் மோசம்: நல்ல டிஸ்க்கை நீங்களே கெடுத்ததாக ஆகிவிடும்.

முதலில், அந்த எரரைச் சொல்வது யார் என்று பார்க்க வேண்டும். பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் தொடக்க புரோகிராம்), கிரப் (லினக்ஸை ஏற்றிவிடுவது), கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), ஃபைல் சிஸ்டம், அப்புறம் சிஸ்டம்டி (மற்ற சேவைகளைத் தொடங்குவது) என்று ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பேர் பேசுகிறார்கள். உங்களுக்கு வரும் 'ஏடிஏ1' வரிகள் கெர்னல் சொல்வது. அதாவது பயாஸ் டிஸ்க்கைப் பார்த்துவிட்டது, கிரப் அதிலிருந்து கெர்னலை எடுத்துவிட்டது, அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு கெர்னல் டிஸ்க்கிடம் எதையோ கேட்கிறது. பதில் தப்பாக வருகிறது, அல்லது வரவே இல்லை. இனிட்ராம்எஃப்எஸ் என்று நிற்பது இதன் விளைவு. ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் இருக்கும் டிஸ்க் பகுதியை) மவுண்ட் செய்ய, அதாவது திறந்து இணைத்துக்கொள்ள முடியாததால், நினைவகத்தில் இருக்கும் ஒரு குட்டி சிஸ்டத்திலேயே உங்களை விட்டுவிடுகிறது. அந்தத் திரையில் எதையும் தட்டிப் பார்க்க வேண்டாம்.

தப்பான பதிலா, பதிலே இல்லையா என்பது நீங்கள் எழுதியிருக்கும் வரிகளுக்குக் கீழேயே இருக்கும். 'ஃபெயில்ட் கமாண்ட்: ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்' என்று ஒரு வரி வந்திருக்கும். அதையடுத்து 'ஸ்டேட்டஸ்', 'எரர்' என்று நெளிவு அடைப்புக்குறிக்குள் சில எழுத்துகள் வரும். பெரும்பாலானவர்கள் செக்டர் (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சிறு கட்டம்) எண்ணைக் குறித்துக்கொண்டு இந்த எழுத்துகளை விட்டுவிடுகிறார்கள். எனக்கு முதலில் வேண்டியது இந்த எழுத்துகள்தான்.

அங்கே 'யுஎன்சி' என்று இருந்தால் டிஸ்க்கின் காந்தப் பரப்பில் பிரச்சினை. டிஸ்க் அந்த செக்டரைப் படித்தது, கூடவே எழுதிவைத்திருந்த சரிபார்ப்புக் கணக்கோடு ஒத்துவரவில்லை, பல தடவை முயன்றுவிட்டுக் கைவிட்டது என்று அர்த்தம். 'ஐசிஆர்சி' என்று இருந்தால் டிஸ்க் நன்றாகவே படித்திருக்கலாம். மதர்போர்டுக்குப் போகும் வழியில் டேட்டா கெட்டிருக்கிறது. அது பெரும்பாலும் கேபிள். 'டைம்அவுட்', 'ஃப்ரோஸன்' மட்டும் இருந்து இவை இரண்டும் இல்லையென்றால் டிஸ்க் வாயே திறக்கவில்லை. கரண்ட் சரியாகப் போகவில்லை, அல்லது கேபிள், அல்லது டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு.

பூட் ஆக ஏன் இவ்வளவு நேரம் என்பதற்கும் விடை இங்கேதான். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், படிக்க வராத செக்டரை லேசில் விடாது. நிமிடக்கணக்கில் கூட முட்டிக்கொண்டு நிற்கும். கெர்னலோ வழக்கமாக 30 விநாடிதான் பொறுக்கும். அது தாண்டினால் 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்று இணைப்பை அறுத்துத் திரும்பப் போடும். இது தொடர்ந்து நடந்தால் லிங்க்கின் வேகத்தை 6 கிகாபிட்டிலிருந்து 3-க்கும், பிறகு 1.5-க்கும் இறக்கிப் பார்க்கும். பத்து இடத்தில் இப்படி முட்டினால் நீங்கள் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

ஆகவே முதல் வேலை, போனை எடுத்து அந்தத் திரையை வீடியோ எடுப்பது. மின்ட் லோகோ வரிகளை மறைத்தால் எஸ்கேப் தட்டுங்கள். இல்லையென்றால் கிரப் மெனுவில் 'ஈ' தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் உள்ள 'க்வையட் ஸ்ப்ளாஷ்' என்ற இரண்டு சொற்களை அழித்துவிட்டு எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், நிரந்தரமாக எதுவும் மாறாது. உள்ளே போனபிறகு லாக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ரூட் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாத நாளின் லாக் எங்கேயும் சேமிக்கப்பட்டிருக்காது.

வீடியோ எடுத்தபின் மெஷினை அணைத்துவிடுங்கள். சில நாள் உள்ளே போகிறதே என்று அதில் செக்ரோல் போடுவதை நிறுத்துங்கள். இந்த வாரக் கணக்கைப் பேப்பரில் எழுதுங்கள்.

சரி, அடுத்தது மின்ட் பென் டிரைவ். நண்பரின் லேப்டாப்பில் தயார் செய்து, அதிலிருந்து உங்கள் மெஷினை லைவ்வாக, அதாவது ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே, பூட் செய்யுங்கள். திரையில் உங்கள் டிஸ்க்கின் ஐகான் தெரிந்தால் கை துறுதுறுக்கும், கிளிக் செய்யாதீர்கள். இஎக்ஸ்டி4 (மின்ட் வழக்கமாகப் போடும் ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷன் மவுண்ட் ஆனாலே ஜர்னலில் (எழுத வேண்டியவற்றின் குறிப்பேட்டில்) பாக்கி இருப்பதை டிஸ்க்கில் எழுதப் பார்க்கும், வெறுமனே படிப்பதற்காக மவுண்ட் செய்தாலும்கூட. மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்ற புரோகிராம் இருக்கும். இடதுபக்கம் ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மேலே மெனுவில் 'ஸ்மார்ட் டேட்டா' என்பதைத் திறங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு அது. இன்டர்நெட் இருந்தால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையிலும் அதையே பார்க்கலாம்.

மேலே 'டிஸ்க் நலமாக உள்ளது' என்றோ 'பாஸ்ட்' என்றோ இருக்கும். அதை நம்பாதீர்கள். கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், 56 சதவீதம், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அடையாளங்களில் ஒன்றுகூடக் காட்டாமல் செத்திருந்தன. ஸ்மார்ட் 'மோசம்' என்று சொன்னால் நம்பலாம். 'நலம்' என்று சொன்னால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பட்டியலில் நான் பார்ப்பது நான்கே எண்கள். 5-ஆவது, மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட செக்டர்கள். 197-ஆவது, படிக்க வராமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள். 198-ஆவது, டிஸ்க் தானே சோதித்துப் பார்த்தும் திருத்த முடியாதவை. 199-ஆவது, கேபிளில் கெட்ட டேட்டாவின் எண்ணிக்கை. எல்லாவற்றிலும் 'ரா' மதிப்பை, அதாவது நேரடி எண்ணிக்கையைப் பாருங்கள். சீகேட் டிஸ்க்காக இருந்தால் முதல் வரியில் 'ரீட் எரர் ரேட்' கோடிக்கணக்கில் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அவர்கள் அந்த எண்ணை எழுதும் முறை அப்படி.

இதில் 197 உங்கள் கேஸுக்கு முக்கியம். ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது டிஸ்க் அதை உடனே ஒதுக்கித் தள்ளாது. உள்ளே இருந்த டேட்டா ஒருவேளை பின்னால் வரலாம் என்று காத்திருப்புப் பட்டியலில் வைக்கும். அந்த இடத்தில் அடுத்த முறை எழுதும்போதுதான் தீர்ப்பு. எழுதியது நன்றாகப் பதிந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும். பதியாவிட்டால் மாற்று செக்டரைக் கொடுத்து 5-ஆவது எண்ணைக் கூட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், பரப்பு நன்றாக இருந்தாலும் அந்த ஒரு செக்டர் அரைகுறையாக நின்று 197-இல் ஏறலாம். மலையில் இடி மழைக்குப் பின் வரும் டிஸ்க்குகளில் இதற்கு வாய்ப்பு உண்டு. அதனால் 197-இல் ஒன்றோ எட்டோ இருந்து மற்றவை பூஜ்யம் என்றால் டிஸ்க் செத்தது என்று அர்த்தமில்லை. எட்டு என்று ஏன் சொல்கிறேன் என்றால், இப்போதைய டிஸ்க்குகளில் உள்ளே செக்டர் 4,096 பைட், வெளியே காட்டுவது 512 பைட். உள்ளே ஒன்று கெட்டால் வெளியே எட்டாகத் தெரியலாம். ஆனால் இன்று 8, நாளை 40, மறுநாள் 200 என்று ஏறினால் சந்தேகமே வேண்டாம், தலை (படித்து எழுதும் முனை) தேய்கிறது அல்லது பரப்பு உரிகிறது.

199 மட்டும் ஏறியிருந்து 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பட்டையான சாட்டா கேபிளை மாற்றுங்கள், மதர்போர்டில் வேறு போர்ட்டில் சொருகுங்கள். பழைய கேபிளையே கழற்றி மாட்டினாலும் தற்காலிகமாகச் சரியாகும். ஏற்காட்டு ஈரத்தில் முனைகளில் ஏறிய படலம் உரசலில் போய்விடும். ஆனால் அந்த கனெக்டர் கழற்றி மாட்டுவதற்கு 50 தடவை கணக்கில்தான் வடிவமைக்கப்பட்டது, பல மெஷின்களில் அது ஏற்கனவே தளர்ந்திருக்கும். ஒரு புது கேபிளுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் யோசிக்கவே தேவையில்லை. கேபிளைக் கூர்மையாக மடிக்காதீர்கள், கிளிப் உள்ள கேபிளாக வாங்குங்கள். 199-ஆவது எண் ஒருமுறை ஏறினால் இறங்காது, அதனால் மாற்றும் முன் எழுதி வையுங்கள். மாற்றிய பின்பும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

பவர் கேபிளையும் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (மெஷினுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) வரும் பழைய நான்கு முனை வயரை சாட்டாவாக மாற்றும் குட்டி அடாப்டர் போட்டிருந்தால் அதன் பிளாஸ்டிக் பழுப்பேறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே தூக்கிப் போடுங்கள், அது தீப்பிடிக்கும் வகை. மின்னலுக்குப் பின் எஸ்எம்பிஎஸ் பாதி செத்து, டிஸ்க் மோட்டார் சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் 12 வோல்ட் இறங்குவதும் உண்டு. வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மலை உயரத்தால்தான் டிஸ்க் கெடுகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம். சாதாரண டிஸ்க்குகள் 3,000 மீட்டர் வரை ஓடும் கணக்கில் செய்யப்பட்டவை. உயரத்தைவிட ஈரமும் இடியும்தான் அங்கே எதிரி. இடிக்கும்போது யுபிஎஸ்ஸை நம்பி விட்டுவிடாமல் பிளக்கையும் நெட்வொர்க் வயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள்.

இப்போது கஷ்டமான வழி: திரையில் யுஎன்சி, 197 ஏறுகிறது. இங்கே டேட்டாவை எடுப்பதுதான் ஒரே வேலை, மற்றதெல்லாம் அப்புறம். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று தட்டும் சத்தம் வந்தால் இதையும் செய்யாதீர்கள். உடனே அணைத்துவிட்டு, சுத்த அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி ஆட்களிடம்தான் போக வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று ஒரு பழைய வைத்தியம் சுற்றுகிறது. அந்த ஊர்ப் பனியில் அதைச் செய்தால் தட்டுக்கு மேல் தண்ணீர் கோத்துக்கொண்டு மிச்சமும் போகும்.

சத்தம் இல்லையென்றால் கருவி 'டிடிரெஸ்க்யூ'. மின்ட்டில் பேக்கேஜ் பெயரின் முன்னால் ஒரு 'ஜி' சேரும். சாதாரண காப்பி கெட்ட இடத்தில் நின்றுவிடும் அல்லது அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளும், பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். சாகப்போகும் டிஸ்க்கில் எவ்வளவு நேரம் பாக்கி என்று யாருக்கும் தெரியாதல்லவா, அதனால் இந்த வரிசைதான் சரி. அதே அளவோ பெரியதோ ஆன ஒரு புது டிஸ்க் வாங்குங்கள். இனி எஸ்எஸ்டியாகவே வாங்கலாம்.

கட்டளையில் மூன்று பெயர்கள் வரும்: பழைய டிஸ்க், புது டிஸ்க், மேப் ஃபைல் (எதுவரை காப்பி ஆனது என்ற கணக்கு). முதல் இரண்டும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் கணக்கின் மேல் எழுதிவிடும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறக்கூடியவை. அதனால் என்டர் தட்டும் முன் டிஸ்க்ஸ் புரோகிராமில் மாடலையும் சீரியல் எண்ணையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிடுங்கள். முதல் சுற்று 'மைனஸ் என்' போட்டு ஓட்டுங்கள், கெட்ட இடங்களைச் சுரண்டாமல் வேகமாகப் போகும். ஒரு ஃபைலில் இல்லாமல் நேராகப் புது டிஸ்க்கின் மேலேயே எழுதுவதால் 'மைனஸ் எஃப்' சேர்க்கச் சொல்லிக் கேட்கும். இரண்டாவது சுற்றில் 'மைனஸ் என்'-ஐ எடுத்துவிட்டு 'மைனஸ் டி', 'மைனஸ் ஆர்3' போடுங்கள், கெட்ட இடங்களை மூன்று தடவை முயலும்.

மேப் ஃபைலை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். லைவ் மின்ட்டின் டெஸ்க்டாப்பில் வைத்தால் அது ராமில்தான் இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் போகும், இதுவரை எதைக் காப்பி செய்தோம் என்ற கணக்கே இல்லாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தனியாக ஒரு பென் டிரைவில் வையுங்கள். அப்போது எத்தனை தடவை நின்றாலும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து போகும். நல்ல 1 டிபி டிஸ்க் மூன்று மணி நேரத்தில் முடியும். கெட்டது ஓரிரு நாள்கூட இழுக்கும். தோட்டத்தில் கரண்ட் அவ்வளவு நேரம் நிற்காது என்றால் டிஸ்க்கை மட்டும் கழற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்து செய்வது மேல். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயப்பட வேண்டாம். அணைந்திருக்கும் டிஸ்க்கின் தலை ஓரமாக ஒதுங்கியிருக்கும், ஓடும்போது தாங்குவதைவிடப் பல மடங்கு அதிர்ச்சி தாங்கும். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், பஸ்ஸில் மேல்தட்டில் வேண்டாம். வந்து இறங்கியதும் உடனே கரண்ட் கொடுக்காமல் சேலத்துச் சூட்டுக்குப் பழக அரை நாள் விடுங்கள்.

காப்பி முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்), கெர்னல் எதை மவுண்ட் செய்யும் என்று சொல்ல முடியாது. எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டிய இடம் இப்போதுதான் வருகிறது: புது டிஸ்க்கில், லைவ் மின்ட்டிலிருந்து, மவுண்ட் செய்யாத நிலையில். முதலில் 'மைனஸ் என்' போட்டு எதையும் மாற்றாமல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிறகு 'மைனஸ் எஃப் மைனஸ் ஒய்'. சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் முகப்புக் குறிப்பு) கெட்டது என்று அழுதால் 'மைனஸ் பி 32768' கொடுத்து மாற்று சூப்பர்பிளாக்கைக் காட்டுங்கள். 4 கேபி பிளாக் உள்ள இஎக்ஸ்டி4-இல் அது அங்கேதான் இருக்கும். பெயரிழந்த ஃபைல்கள் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் எண்களாகக் கிடக்கும். செக்ரோல் ஸ்ப்ரெட்ஷீட் காணோம் என்றால் அங்கே அளவையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள்.

டிஸ்க் சம்பந்தமே இல்லாமல் டிஸ்க் எரர் போல வருபவையும் சில உண்டு. பழைய டெஸ்க்டாப் என்கிறீர்கள், பயாஸில் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பின்னும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். டிஸ்க்கோ கடைசியாக மவுண்ட் ஆன நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று எஃப்எஸ்சிகே குழம்பி நிற்கும். அதே பேட்டரியால் பயாஸில் உள்ள சாட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஹெச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கு மாறி, லினக்ஸுக்கு டிஸ்க்கே தெரியாமல் போவதும் நடக்கும். அடிவாரத்தில் எந்தக் கடையிலும் அந்த பேட்டரி கிடைக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கணக்கறைகளில் அடிக்கடி பார்ப்பது வேறொன்று: பேக்கப்புக்கு ஒரு வெளி டிஸ்க்கை எஃப்எஸ்டேபில் (பூட்டின்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் ஃபைல்) சேர்த்திருப்பார்கள், யாரோ அதைப் பிடுங்கி எடுத்துப் போயிருப்பார்கள். பூட் 90 விநாடி காத்திருந்துவிட்டு 'எமர்ஜென்சி மோடு' என்று நிற்கும். அந்த வரியில் 'நோஃபெயில்' என்று சேர்த்தால் போதும். உங்களுக்கு ஏடிஏ வரிகள் வருவதால் இவை உங்கள் பிரச்சினை அல்ல, ஆனால் புது டிஸ்க் போட்ட பிறகும் பூட் நின்றால் இவற்றைப் பாருங்கள்.

பழைய டிஸ்க்கை கண்காணிப்பு கேமராவின் பதிவுப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். 199 மட்டும் ஏறிய டிஸ்க் என்றால் தாராளமாகப் போடலாம். 197-இல் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால், காப்பியைச் சரிபார்த்து ஒரு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு, அப்புறம் முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதி, நீண்ட ஸ்மார்ட் சோதனை ஓட்டுங்கள். 197 பூஜ்யத்துக்கு வந்து 5-உம் ஏறாமல் நின்றால் ஓடட்டும், போனாலும் கவலையில்லாத வேலைக்கு. ஏறிக்கொண்டே இருந்தது என்றால் வாரண்டி தேதியைப் பாருங்கள். அதுவும் முடிந்திருந்தால் ஆணியடித்துவிட்டு இ-கழிவில் போடுங்கள், ஆட்களின் பேங்க் கணக்கு எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.